தலைகீழாய்த் தொங்கும் அயலார்



ஆரணியின் தறித் தெருக்களை அறிந்தோர்க்குப் பாவு நீட்டும் காட்சி புதிதன்று. அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். சேலையின் நெடுக்கிழைகளைத் தறியில் ஏற்றுமுன் தெருவின் நீளத்திற்கு விரித்துக் கட்டி, சிக்கல் நீக்கி, அறுந்ததை முடிந்து, ஒழுங்குபடுத்திச் சுருட்டுவார்கள். குடும்பமே தெருவில் இறங்கி நிற்கும். பள்ளி செல்லும் பிள்ளைகளும் ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் புத்தகப் பையைத் தூக்குவர். கிழக்கு வெளுக்கும்போது தொடங்கி, வெயில் கடுமையாகுமுன் முடிக்க வேண்டிய வேலை அது. ஆதலின் மரநிழல் உள்ள தெருவே நெசவாளருக்கு நல்ல தெரு.

அத்தகைய தெரு ஒன்றின் முனையில் பழைய புளியமரம் ஒன்று நிற்கிறது. அதில் சில ஆண்டுகளாகப் பழந்தின்னி வௌவால்கள் குடியேறியிருக்கின்றன. இரவெல்லாம் இரை தேடிவிட்டு அவை கிளைக்குத் திரும்பும் நேரமும், நெசவாளர் பாவு நீட்டும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. மேலிருந்து எச்சம் விழுகிறது. வெள்ளைப் பட்டின் மேலும் சந்தன நிறப் பட்டின் மேலும் அந்தக் கறை விழுந்தால், அதைப் போக்குவது எளிதன்று. இந்தக் கோடையில் அத்தெருவினர் மனு ஒன்று எழுதினர்: மரத்தை வெட்ட வேண்டும், அல்லது வௌவால்களை விரட்ட வேண்டும். கையொப்பமிட்டோரில் நம் பங்குக் குடும்பங்களும் உண்டு. "சாமி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா ஆபீஸிலே கேப்பாங்க" என்று நம்மிடமும் தாளை நீட்டினர்.

நாம் கையொப்பமிடவில்லை. ஏன் என்பதை அவர்களிடம் நேரில் கூறினோம். எனினும் இதே மனு பல ஊர்களிலும் பல மரங்களின் பேரில் எழுதப்படுகிறது என்பதால், அதை இங்கும் எழுத வேண்டியதாயிற்று.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். கறைபட்ட பாவு சிறு இழப்பன்று. பல நாள் உழைப்பும் கூலியும் அதில் அடங்கியுள்ளன. குறை கண்ட சேலைக்குக் கூலியைப் பிடித்தம் செய்யும் முதலாளி, வௌவாலின் பேரில் பிடித்தம் செய்ய மாட்டார். நெய்தவரின் பேரில்தான் செய்வார். இதை உணராமல் "வாயில்லா ஜீவன், விட்டுவிடுங்கள்" என்று உபதேசிப்பது நகரத்தில் மாடியில் இருப்போர்க்கு எளிது. ஆதலின் வௌவாலுக்காக வாதாட வருகிறவர் பாவுக்கும் வழி சொல்ல வேண்டும். நம்மால் இயன்ற வழியைப் பின்னே கூறுவோம்.

இந்தப் பிராணியைப் பற்றி நம்மவரிடையே கேலியும் அச்சமும் உண்டே தவிர, அறிவு குறைவு. "வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்கு வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்பது பழமொழி. லேவியர் ஆகமம் அதைப் பறவைகளின் வரிசையில் வைத்து விலக்கியது. உண்மையில் அது குட்டி போட்டுப் பாலூட்டும் பிராணி. (வெள்ளிக்கிழமைகளில் நாம் தேடும் வாவல் மீனுக்கும் அதற்கும் பெயர் ஒன்றே தவிர உறவு ஏதுமில்லை.) புளியமரத்தில் தொங்குவது இந்தியாவில் பெரிய வகை, இறக்கையை விரித்தால் நாலடி வரை இருக்கும். அதற்குக் கண் நன்றாகத் தெரியும். பூந்தேனும் பழச்சாறுமே அதன் உணவு. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் அமெரிக்கக் கண்டத்தின் தென் பாகங்களில் மட்டும் உள்ளவை. நம் நாட்டில் இல்லை. சிறிய வௌவால்களில் பல, பூச்சிகளைத் தின்று வாழ்கின்றன. பாழ் மண்டபங்களில் அடைபவை பெரும்பாலும் இவையே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970-களில் தொடங்கி இவற்றை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றனர். இருண்ட குகைக்குள் இருக்கும் வௌவால், வெளியே பொழுது சாய்ந்ததை எவ்வாறு அறிகிறது என்பது அவர்கள் எழுப்பிய வினாக்களுள் ஒன்று.

இலுப்பைப் பூ இரவில் மணக்கிறது. இலவமரம் இரவில் பூக்கிறது. இரண்டும் எதிர்பார்ப்பது இந்த இரவு விருந்தாளியைத்தான். இது தேன் குடிக்கும்போது மகரந்தம் மயிரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்திற்குப் போகிறது. பழத்தை வாயில் கவ்விச் சென்று வேறொரு மரத்தில் அமர்ந்து தின்று, கொட்டையை அங்கே உதிர்க்கிறது. ஆல், அத்தி விதைகள் அதன் எச்சத்தோடு ஊர் கடந்து விழுகின்றன. ஒரே இரவில் பல மைல் பறக்கும் பிராணியாதலால், மரமில்லாத வெட்டவெளியையும் தாண்டி விதை போய்ச் சேருகிறது. மலேசியாவில் உறவினர் உள்ளவர்கள் துரியன் பழத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அதன் பூவும் இரவில் விரிவதே. வௌவால் வராவிடில் அங்கே துரியன் காய்ப்புக் குன்றும். இவ்வளவு வேலை செய்யும் பிராணி ஆண்டுக்கு ஈனுவது வழக்கமாக ஒரே ஒரு குட்டி. எலியைப் போல் பெருகுவதன்று. ஒரு மரத்தில் ஐம்பதைக் கொன்றால், அந்த இழப்பு நிரம்பப் பல்லாண்டுகள் ஆகும்.

ஆயினும் நம் நாட்டுச் சட்டமே நெடுங்காலம் அதை எலியோடுதான் சேர்த்து வைத்திருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவை தீங்குயிர்கள் எனக் குறிக்கப்பட்டன, எவரும் கொல்லலாம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. இந்தப் பெரிய பழந்தின்னி வௌவால் இப்போது பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் உள்ளது. மனு எழுதியவர்களுக்கு இது தெரியாது, தெரிவித்தபோது வியந்தனர். "காட்டிலே இருக்க வேண்டியது ஊருக்குள்ளே வந்தா என்ன சட்டம்?" என்றார் ஒருவர்.

ஊருக்குள் ஏன் வந்தது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை நம் கண் முன்னே கிடக்கிறது. சாலைகளை அகலப்படுத்தும்போது இரு மருங்கிலும் நின்ற புளியமரங்கள் வரிசை வரிசையாய் வீழ்ந்தன. இலுப்பைத் தோப்புகள் மனைகளாயின. மிஞ்சிய மரம் தெருமுனையில் நின்றால், அவை தெருமுனைக்குத்தான் வரும். ஆஸ்திரேலியாவில் பல்லாண்டுக் காலக் குறிப்புகளை ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் திட்டமாகக் காட்டியது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்தபின் அங்குள்ள பழந்தின்னி வௌவால்கள் ஊர்களையும் பண்ணைகளையும் நாடின. பசியால் நலிந்த அவற்றிடமிருந்து ஹெண்ட்ரா என்னும் கிருமி குதிரைகளுக்குத் தொற்றியது. எஞ்சிய காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களிலோ, வௌவால்கள் காட்டுக்கே திரும்பின, தொற்றும் நேரவில்லை.

கிருமி என்ற சொல் வந்துவிட்டது. மனுவில் கறைக்கு அடுத்தபடியாக எழுதியிருந்ததும் அதுவே. பெற்றோரின் இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா நோய் கண்டு 17 பேர் மாண்டனர். முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர் லினியும் அவர்களுள் ஒருவர். இரு குழந்தைகளின் தாய். நிபாக் கிருமியின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது உண்மை. அதை மறைத்து வௌவாலுக்குப் பரிந்து பேசுவது நேர்மையாகாது. 2020-இல் நம் மாநிலம் உள்ளிட்ட சில இடங்களின் வௌவால்களில் ஒருவகைக் கொரோனாக் கிருமி காணப்பட்ட செய்தியும் பலருக்கு நினைவிருக்கும். அது கோவிட் நோயை உண்டாக்கிய கிருமியன்று.

ஆனால் கிருமி வௌவாலிடம் இருப்பது வேறு. அது நம் வீட்டுக்குள் வருவது வேறு. வரும் வழியைப் பார்த்தால், அந்த வழியை அடைக்க முடியும் என்பதும் தெரிகிறது. நிபா முதன்முதல் தோன்றியது 1998-99-இல் மலேசியாவில். பன்றிப் பண்ணைகளை ஒட்டி மாமரங்கள் நட்டிருந்தனர். வௌவால் கடித்துப் போட்ட கனிகள் பட்டிக்குள் விழுந்தன, பன்றிகள் தின்றன, பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் பழமரங்களைப் பட்டிகளுக்கு அருகில் வைக்கக் கூடாது என்று விதித்தனர். வங்காள தேசத்தில் வழி வேறு. அங்கே குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிக் கலயம் கட்டிச் சாறு இறக்குவர். இரவில் வௌவால் வந்து சீவிய இடத்தை நக்கும். காலையில் மக்கள் அதே சாற்றைக் காய்ச்சாமல் பருகுவர். அங்கே சில கிராமங்களில் மூங்கிலால் பின்னிய ஒரு தட்டியைச் சீவிய பாகத்தையும் கலயத்தையும் மூடும்படி கட்டிப் பார்த்தனர். வௌவால் சாற்றைத் தொடுவது அநேகமாக நின்றுவிட்டது. நாலு மூங்கில் பிளாச்சு. ஒரு முழம் கயிறு. ஒரு மரமும் வெட்டப்படவில்லை. கோழிக்கோட்டிலோ, முதல் நோயாளி தவிர ஏனையோருக்கு நோய் வந்தது மனிதரிடமிருந்தே. முகமறைப்பும் கையுறையும் தனி அறையும் அங்கே பிணியை நிறுத்தின.

கொன்று தீர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. உகாண்டா நாட்டில் கிட்டாக்கா என்னும் சுரங்கத்தில் 2007-இல் தொழிலாளர் சிலருக்கு மார்பர்க் என்னும் கொடிய காய்ச்சல் கண்டது. அது சுரங்கத்தில் அடைந்த வௌவால்களிடமிருந்து வந்தது. அவற்றை வலையிட்டுப் பிடித்தும் வழியை அடைத்தும் அடியோடு அழித்தனர். சில ஆண்டுகளில் வேறு வௌவால்கள் வந்து குடிபுகுந்தன. 2012-இல் அப்பகுதியில் முன்னினும் பெரிதாக அந்நோய் வெடித்தது. அப்போது சோதித்ததில், புதிதாக வந்த கூட்டத்தில் கிருமி தாங்கியவற்றின் விகிதம் பழைய கூட்டத்தில் இருந்ததைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. விரட்டப்பட்ட கூட்டம் ஓய்ந்து போவதில்லை. கலைந்து, இடம் மாறி, வேறொரு தெருவின் தலையில் வந்து தொங்கும்.

ஆதலின் பெற்றோர் செய்ய வேண்டியது இவ்வளவே. கடித்த தடமுள்ள பழம் எதையும், அணில் கடித்ததோ வௌவால் கடித்ததோ, பிள்ளைகள் தின்ன விடாதீர்கள். மரத்தடியில் கிடக்கும் பழத்தைக் கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். பதநீர் வாங்கினால் கலயம் மூடியிருந்ததா என்று கேளுங்கள். காய்ச்சிக் குடிப்பது இன்னும் நன்று. கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இருமலுக்கும் இழுப்புக்கும் வௌவால் கறி மருந்து என்று எவரேனும் கொண்டுவந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள். இழுப்பு அதனால் தீர்ந்ததற்கு மருத்துவச் சான்று இல்லை. நோய்க்கு அஞ்சி மரத்தை வெட்டச் சொல்லும் ஊரிலேயே, இழுப்புக்கு மருந்தென்று அதே பிராணியை வெறுங்கையால் உரித்துக் குழம்பு வைக்கிறார்கள் என்பதை என்னவென்று சொல்வது!

இத்தகைய வழக்கு ஆரணிக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில் 1980-இல் ஒரு பாலத்தைப் புதுப்பித்துக் கட்டினர். அடிப்பாகத்தில் விடப்பட்ட இடுக்குகள் வௌவால்களுக்குப் பிடித்துப் போயின. இலட்சக்கணக்கில் வந்து அடைந்தன. வெறிநோய் வரும் என்று அச்சம் பரவிற்று. அழிக்கக் கோரி மனுக்கள் எழுந்தன. 1986-இல் மெர்லின் டட்டில் என்னும் வௌவால் ஆய்வாளர் அந்நகருக்கே குடிபெயர்ந்து, கையால் தொடாதவனுக்கு அவற்றால் தீங்கில்லை என்றும், இரவுதோறும் அவை தின்னும் பூச்சிகளின் அளவு இவ்வளவு என்றும் எடுத்துச் சொன்னார். இன்று கோடையில் அப்பாலத்தின் அடியில் ஏறத்தாழ 15 இலட்சம் வௌவால்கள் உள்ளன. அந்தி வேளையில் அவை புகை போலக் கிளம்புவதைக் காண மக்கள் பாலத்தின் மேல் கூடி நிற்கின்றனர். மனுக் கொடுத்த நகரம் இப்போது வௌவாலைக் காட்டிப் பயணிகளை அழைக்கிறது.

அதே நாட்டில் இன்னொரு பிராணியின் கதையும் உண்டு. பீவர் என்பது நீரில் வாழும், நாய்க்குட்டியினும் பெரிய ஒரு கொறிக்கும் பிராணி. மரத்தைப் பல்லால் வெட்டி ஓடையின் குறுக்கே அணை கட்டும். கலிபோர்னியாவில் மார்ட்டினெஸ் என்னும் ஊரின் நடுவே ஓடும் ஓடையில் ஒரு சோடி பீவர் அணை கட்டிவிட்டது. மழை பெய்தால் வெள்ளம் கடைவீதிக்குள் புகும் என்று 2007-இல் நகர மன்றத்தார் அவற்றை அகற்ற முனைந்தனர். ஊர்மக்கள் மன்றக் கூட்டத்திற்குத் திரண்டு வந்து தடுத்தனர். வெர்மாண்டிலிருந்து இந்தக் கலை தெரிந்த ஒருவரை வரவழைத்து, 2008 தொடக்கத்தில் அணையின் ஊடே ஒரு குழாயைப் பொருத்தினர். நீர் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. பீவருக்கும் தன் குளம் இருக்கும். மரங்களின் அடியில் கம்பிவலை சுற்றினால் பல்லும் படாது. அந்தச் சிறு தேக்கத்தைத் தேடி மீனும் நீர்நாயும் பறவைகளும் அந்த ஊருக்குள்ளேயே வந்தன. குழாயின் விலை எவ்வளவு என்பது முக்கியமன்று. கொல்வதா விடுவதா என்று இரண்டே வழி இருப்பதாக எண்ணிச் சண்டையிட்ட ஊருக்கு, மூன்றாவது வழியை ஒரு குழாய் காட்டியது.

இதற்கு எதிர்மாறானது மொரீசியசில் நடந்தது. நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாய் வாழும் தீவு அது. லிச்சிப் பழங்களையும் மாம்பழங்களையும் அழிக்கின்றன என்று 2015-இலும் 2016-இலும் அரசே பல்லாயிரம் பழந்தின்னி வௌவால்களைச் சுட்டுக் கொன்றது. அத்தீவுகளிலன்றி வேறெங்கும் இல்லாத அந்த இனம், 2018-இல் அழிவை நெருங்கும் இனங்களின் பட்டியலில் ஏறியது. பழ விவசாயிகளின் வருமானம் அதனால் உயரவில்லை என்று பின்னர் ஆய்வாளர் எழுதினர். மரத்தின்மேல் வலை போர்த்தியவருக்கே பழம் மிஞ்சியது.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் நாரைகளும் கொக்குகளும் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிறுவர்கள் உள்ள ஊரில் இது சிறிய தியாகமன்று. இதைப் படித்துவிட்டு நம் பங்குத் திருவிழாவின் வேட்டுகளை நினைத்துக் கொண்டோம். தேர் அந்தப் புளியமரத்தடியைக் கடந்துதான் செல்கிறது. இவ்வாண்டு பங்குப் பேரவையில் பேசி, வாணவேடிக்கையை ஊருக்கு வெளியேயுள்ள திடலுக்கு மாற்றியிருக்கிறோம். இளைஞர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

இனி, சொன்னபடி பாவுக்கு வருவோம். மனுவை ஒத்திவைத்துவிட்டுத் தெருவினரோடு நாமும் ஒரு காலை நின்று பார்த்தோம். எச்சம் விழும் வட்டம் மரத்தின் கிளை பரப்பிய அளவே. தெருவின் நீளத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. பாவின் ஒரு முனைக் கட்டையை எதிர்முனைக்குத் தள்ளி நட்டால் பெரும்பாலான பாவுகள் வட்டத்திற்கு வெளியே வந்துவிடும். அப்படிச் செய்வதில் ஒரு சங்கடம் இருந்தது: எதிர்முனையில் உள்ள இரு வீட்டாரின் வாசல் மறைபடும். பேசிப் பார்த்ததில், வாரத்தில் எந்தெந்த நாள் யார் நீட்டுவது என்று முறை வகுத்துக் கொண்டனர். நீளமான பாவு வரும் நாளில் மட்டும் மரத்தடியில் தார்ப்பாய் ஒன்றைப் பந்தல் போல் இழுத்துக் கட்டுகிறார்கள். தார்ப்பாய்க்குத் தெருவினர் பாதியும் பங்கு பாதியும் கொடுத்தோம். வௌவால் உட்காரும் கிளைகளை ஒருவரும் தொடவில்லை.

எல்லாம் தீர்ந்தது என்று எழுத மாட்டோம். மரத்திற்கு நேர் கீழே வீடு உள்ள ஒரு குடும்பத்தார் இன்னும் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கூரையும் வாசலும் நாள்தோறும் கழுவப்பட வேண்டியிருக்கிறது, நாற்றமும் உண்டு, மழைக்காலத்தில் அது அதிகம். கிணற்றுக்கு வலையும் வாசலுக்குத் தகரச் சாய்ப்பும் போட்டுத் தர ஏற்பாடு நடக்கிறது. தெரு முழுவதும் நிழலையும் புளியையும் அனுபவிக்க, அசுத்தத்தை மட்டும் ஒரே குடும்பம் சுமப்பது முறையன்று. அச்செலவைத் தெருவே ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து. இதில் சிலருக்கு உடன்பாடில்லை. அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் பின் மீண்டும் கூடிப் பேசவிருக்கிறோம்.

அவ்வகுப்புப் பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் இங்கு விடை கூறி முடிப்போம். கடும் வெயிலில் வௌவால்கள் இறக்கையை விசிறி போல் ஆட்டிக் கொண்டிருக்கும். தாங்க இயலாதபோது கீழே விழுவதுண்டு. தாயைப் பற்றியிருந்த குட்டியும் நழுவி விழலாம். விழுந்ததை எக்காரணம் கொண்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். அஞ்சிய பிராணி கடிக்கும். நாயும் பூனையும் நெருங்காதபடி ஒரு கூடையால் மூடிவைத்து, பெரியவர்களை அழைத்து வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.